கட்டுமர அனுபவம் உண்டு

மாயகிருஷ்ணன் கடலில் வேலை பார்க்கிறான் என்று நாகலாபுரத்தில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். முதலில் சிரித்தவன் நான்தான். எட்டு நாள் அவனோடு ஒரே படகில் கிடந்தவனும் நான்தான். வெளியூரில் பிழைக்கும் நம் ஊர்க்காரர்களைப் பற்றி இந்த வருஷத்து விழா மலரில் போடப் போகிறோம், மாயகிருஷ்ணனைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்ததாம். ஒரு வாத்தியாரை எழுதச் சொல்லலாம் என்று யாரோ சொன்னார்களாம். அந்த வாத்தியார் மணப்பாட்டுக் கடலில் கால் நனைத்ததோடு சரி. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இருந்தாலும் கோவில்பட்டியில் ஓடுகிற என் ஐந்து தண்ணீர் லாரிக்கும் பெயர் எழுதியது என் கைதான். ஒரு பிழை இருந்தால் காட்டுங்கள். ஆகவே நானே எழுதுகிறேன்.

மாயகிருஷ்ணன் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை. நாங்கள் உழுது பிழைக்கிற சம்சாரி வீடு. அறுப்பு முடிந்ததும் அவன் அப்பா வந்து எங்கள் பருத்திக்காட்டில் கிடை போடுவார். ஆடுகளை ஒரே இடத்தில் மடக்கி அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ஒரு காடு முடிந்தால் அடுத்த காடு. கம்பும் வலையும் கஞ்சிப் பானையும் தோளில். பிறகு மாயகிருஷ்ணனும் அதையே செய்தான். முந்நூறு உருப்படி வைத்திருந்தான். கோடையில் நாகலாபுரத்தில் ஆரம்பித்துத் தாமிரபரணிப் பக்கத்து வயல்வரை ஓட்டிப் போவான். நான் லாரிமேல் லாரி வாங்கிக்கொண்டிருந்த வருஷங்களில் அவன் ஆட்டுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான். "ஒரு லாரியில கிளீனரா வாலே" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். "டீசல் வாடை ஆகாது அண்ணாச்சி" என்றான். ஆட்டுக்கிடா வாடை ஆகும், டீசல் வாடை ஆகாது. அப்படிப்பட்ட ஆள்.

பிறகு மேய்ச்சல் காட்டில் சோலார் தகடு வந்தது. கரிசலில் கண்ணுக்கு எட்டினமட்டும் கறுப்புக் கண்ணாடி, அதைச் சுற்றிக் கம்பிவேலி. முந்நூறு ஆடு நூறாயிற்று. அந்த மார்கழிப் பெருமழையில் கண்மாய் உடைந்தபோது அந்த நூறும் தண்ணீருக்கு நடுவில் ஒரு மேட்டில் மாட்டிக்கொண்டது. மாயகிருஷ்ணனுக்கு நீச்சல் தெரியாது. கிடைக்கம்புகளைச் சேர்த்துக் கட்டி, அடியில் நாலு நீல டிரம்மைக் கோத்து, மேலே வலையை விரித்து, ஒரு நடைக்கு ஐந்து குட்டியாக எட்டு நடை ஓட்டினான். நாற்பது குட்டி கரையேறியது. பெரிய ஆடுகள் போயே போயின. அதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்தக் குட்டிகளை விற்றுவிட்டுக் கொச்சிக்குப் போனான். மச்சினன் இசக்கிராஜா அங்கே படகுப் பட்டறையில் அடிப்பலகை சுரண்டிக்கொண்டிருந்தான். இவனும் சுரண்டினான். ஊரில் அவனுக்குக் காத்திருந்தது ஒரே வேலை: சோலார் வேலிக்குக் காவல்காரன். ஆடு உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் மேய்த்த அதே காட்டுக்கு. அவன் பெண்டாட்டி முத்துசெல்விகூடப் போனில் சொன்னாளாம்: "அந்த வேலைக்கு மட்டும் வராதீய. அங்கனயே சுரண்டுங்க."

அந்த நேரத்தில்தான் என் மகன் காளிராஜுக்குப் புத்தி கெட்டது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல சம்பளம். ஒரு காடு வாங்கலாம், ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம். அவன் படகு வாங்கினான். மீன் பிடிக்கிற படகு இல்லை, ஆள் ஏற்றிப் பிழைக்கிற படகும் இல்லை. சும்மா போய்க்கொண்டே இருக்கிற படகு. "கட்டமரான்ப்பா" என்றான். கட்டுமரம் என்று சொல்லுடா என்றேன். "இல்லப்பா, கட்டமரான்" என்றான். நம் ஊர்ச் சொல்லை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய், கசக்கிப் பிழிந்து திருப்பிக் கொடுத்தால் அதற்கு ஒரு கோடி விலை.

படகுக்கு ஒரு ஆள் வேண்டும், கட்டமரான் அனுபவம் வேண்டும் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறான். இசக்கிராஜா அதைக் கேட்டுவிட்டு, "மச்சான், கட்டுமரத்துக்கு ஆள் கேக்குதாவ" என்று மாயகிருஷ்ணனைக் கூட்டிப் போயிருக்கிறான். பிறகு நடந்ததை மகனும் மாயகிருஷ்ணனும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒத்துத்தான் இருந்தது.

"கட்டமரான் அனுபவம் உண்டா?"

"உண்டு சார்."

"எத்தன ட்ரிப்?"

"எட்டு நடை சார்."

"எத்தன பேர ஏத்துன?"

"மொத்தம் நாப்பது உருப்படி சார். ஒரு உருப்படிகூடச் சாகல."

உருப்படி என்றால் ஆட்டுக் கணக்கு என்று தெரியாத பயலை நான் பெற்றிருக்கிறேன். கோவில்பட்டியில் ஹாஸ்டலில் போட்டுப் படிக்க வைத்தது என் தப்பு. சுற்றுலாப் படகு ஓட்டியவன்போல, ஆள்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பவன் என்று இவன் நினைத்துக்கொண்டான். சோதித்துப் பார்க்க ஒரு கயிற்றைக் கொடுத்து, இறுகாத வளையம் போடச் சொல்லியிருக்கிறான். ஆட்டுக் கழுத்தில் போடுகிற முடிச்சு அது. இறுகினால் ஆடு செத்துப் போகும். மாயகிருஷ்ணன் கயிற்றைப் பார்க்காமலே போட்டான். கப்பல்காரர்கள் ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்து மாசக்கணக்கில் படிக்கிற முடிச்சு அதுதானாம். என் மகன் கை குலுக்கிவிட்டான். தூத்துக்குடி வரைக்கும் வெள்ளோட்டம், ஆள் தேறினால் அந்தமானுக்கு ஏழு மாசம். அதுதான் பேச்சு.

என்னையும் அந்தமானுக்கு வரச் சொல்லியிருந்தான். மகன் கப்பலில் அந்தமான் போகிறேன் என்று கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து எட்டயபுரம் ரோடு வரை எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

கொச்சியில் படகில் கால் வைத்ததும் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். மாயகிருஷ்ணன். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போயிற்று.  மகன் "இவர்தான் நம்ம க்ரூ, ரொம்ப எக்ஸ்பீரியன்ஸ்" என்றபோது இருமினேன்.

அடுப்படிக்கு நான் காப்பி கேட்டுப் போனபோது மாயகிருஷ்ணன் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, சொல்லிராதீய. நான் பொய் சொல்லல. அவிய கேட்டாவ, நான் உள்ளதச் சொன்னேன்."

"ஆட்டுக்குட்டினு சொன்னியாலே?"

"என்ன ஏத்துனனு கேக்கலியே அண்ணாச்சி."

"கடல எப்பலே பாத்த?"

"கொச்சிக்கு வந்தபொறவு பாத்தேன். தெனமும் பாக்குதேன்."

"சொல்ல மாட்டேன்னு நான் சொல்லல. நீ எப்படி இருக்கன்னு பாப்போம்" என்றேன். காப்பியில் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தான். லஞ்சம் கொடுக்கத் தெரிந்திருக்கிறது.

படகு வாழ்க்கை என்று வீடியோவில் காட்டுகிறார்களே, அதைக் கொஞ்சம் சொல்கிறேன். நீளமான இரண்டு ஓடம், நடுவில் ஒரு வீடு. ஏரில் பூட்டின இரண்டு மாடுபோல. மாயகிருஷ்ணன் வலத்து மாடு, இடத்து மாடு என்றேதான் அவற்றைச் சொன்னான். படுக்கிற அறை ஓடத்துக்குள்ளே. புரண்டால் முழங்கால் இடிக்கும். படகு சாயாது, மேசையில் வைத்த டீ கிளாஸ் அப்படியே நிற்கும், அது ஒன்றுதான் மெச்சத்தக்கது. ஆனால் எதிர் அலை வந்தால் இரண்டு ஓடத்துக்கும் நடுவில் புகுந்து, வீட்டின் அடியில் உலக்கையால் குத்துவதுபோல இடிக்கும். கக்கூஸில் கைப்பம்பை முப்பது தடவை அடிக்க வேண்டும். குளியலுக்கு ஆளுக்கு இரண்டு கப் தண்ணீர். இதைத்தான் வேண்டாம் என்று கரிசல்காட்டை விட்டு ஓடினோம். இவர்கள் கோடி ரூபாய் கொடுத்து ஓடிவருகிறார்கள்.

மருமகள் சுதாராணி முன்பக்கத்தில் இரண்டு ஓடத்துக்கும் நடுவே கட்டியிருக்கிற வலையில் படுத்துக்கொண்டு, "ஹாய் பிரண்ட்ஸ்" என்று போனோடு பேசிக்கொண்டிருப்பாள். இன்ஜின் போடாமல் காற்றிலேயே கொச்சியிலிருந்து தூத்துக்குடி போவோம் என்று அந்தப் பிரண்ட்ஸுக்குச் சத்தியம் பண்ணிவிட்டாள். பங்குனி மாசத்தில் காற்று ஏது? பாயை ஏற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். கரையில் போகிற சைக்கிள்காரன் எங்களை முந்திக்கொண்டு போனான்.

மாயகிருஷ்ணன் முதல் இரண்டு நாள் வாந்தி எடுத்தான். பிறகு எழுந்தான். நீச்சல் தெரியாத பயத்தில், இடுப்பில் கயிறு கட்டிக் கம்பியில் முடிந்துகொண்டுதான் நடமாடுவான், முளையில் கட்டின ஆடுபோல. "பாத்தியாப்பா, எவ்வளவு டிசிப்ளின்!" என்றான் என் மகன். கூரைமேல் இருந்த சோலார் தகட்டைத் துடைக்கச் சொன்னபோது மாயகிருஷ்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "இங்கனயும் வந்துட்டு அண்ணாச்சி" என்றான்.

நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். எப்போது சொன்னால் நன்றாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்க ஒரு மெஷின் இருந்தது. மூன்றாம் நாள் அது நின்றது. "சீல் போச்சு" என்று சத்தத்தை வைத்தே சொன்னேன். மகனும் மருமகளும் போனில் புத்தகம் பார்த்து, இரண்டு மணி நேரம் கழித்து, சீல் போய்விட்டது என்று கண்டுபிடித்தார்கள். மாற்றுச் சீல் இல்லை. கோடி ரூபாய்ப் படகில் ஒரு ரப்பர் வளையம் இல்லை. நான்காம் நாள் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்று தொட்டியில் அறுநூறு லிட்டர் பிடித்துக்கொண்டு கிளம்பினோம்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது தளம் முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது. எனக்கு அழுக்கு வண்டி ஆகாது. என் லாரிகள் தினமும் குளிக்கும். பின்படிக்கட்டில் ஒரு குழாய், நீள ஹோஸ். திறந்தேன், பீய்ச்சி அடித்தது. முன்னும் பின்னும், வலையும் படிக்கட்டும், சுற்றுக்கம்பியும், முக்கால் மணி நேரம் கழுவினேன். வெள்ளி மாதிரி ஆயிற்று. பிறகு குழாயை மூடினேனா, ஹோஸைக் கடலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேனா என்பது இப்போது முக்கியமில்லை.

பத்து மணிக்கு அடுப்படியில் குழாய் காற்றை ஊதியது. தொட்டி காலி.

நடுக்கடலில் இருந்துகொண்டு, தளம் கழுவுகிற குழாயில் நல்ல தண்ணீரை எந்த மடையன் விடுவான்? அது கடல் தண்ணீர் என்றுதான் எவனும் நினைப்பான். நான் நினைத்தேன். படகு கட்டியவனைத்தான் கேட்க வேண்டும்.

காளிராஜ் நேரே மாயகிருஷ்ணனிடம் போனான். "பின்னாடி ஹோஸ் தெறந்து கெடக்கு. நீதானே தளம் கழுவுன?"

மாயகிருஷ்ணன் காலையிலேயே என்னைப் பார்த்திருந்தான். குளிக்கிற கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கும் தெரியும்.  என்னைக் காட்டிக்கொடுத்தால் நான் அவனைக் காட்டிக்கொடுப்பேன் என்று பயம். இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். இந்தக் குனிகிற புத்திதான் எனக்கு ஆகாது.

"பேசுடே! அனுபவம் இருக்குனுதான ஒன்ன எடுத்தேன்? தண்ணியோட அரும தெரியாதவன அந்தமானுக்குக் கூட்டிட்டுப் போயி நான் என்ன செய்ய? தூத்துக்குடில எறங்கிக்கோ."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. தண்ணீரின் அருமையை என் மகன் பேசுகிறான், என் முன்னாலேயே.

"ஏலே, நிறுத்து. யாருக்குலே அரும தெரியாது? மூணு கொடம் தண்ணியில முந்நூறு ஆட்டோட பத்து நாள் கெடை கெடந்தவன்லே இவன். ஆட்டுக்கு ஊத்துன மிச்சத்துல கஞ்சி காச்சுனவன். இவனா தண்ணிய வீணாக்குவான்? நான்தாம்லே தெறந்துவிட்டேன். என்னலே செய்யப் போற?"

 காளிராஜ் என் பக்கம் திரும்பினான்.

"நீங்களாப்பா? நாக்குல வச்சே எந்த ஊரு தண்ணினு சொல்லுவேம்பீங்க?"

"கால் கழுவுற தண்ணிய எவம்லே நக்கிப் பாப்பான்?"

சுதாராணிதான் முதலில் பிடித்தாள். படித்த பிள்ளை. "மாமா, ஆடுன்னீங்களே? எந்த ஆடு?"

அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மாயகிருஷ்ணன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

"கட்டமரான் எட்டு ட்ரிப் ஓட்டினேன்னியே?" என்றான் காளிராஜ்.

"ஓட்டினேன் சார். கெடைக்கம்புல கட்டுன மரம். கண்மாயில."

"நாப்பது பேரு?"

"குட்டி சார். ஆட்டுக்குட்டி."

"கடலுக்குப் போனதே இல்லையா?"

"இப்ப அஞ்சு நாளாப் போறேன் சார்."

சுதாராணி வாயைப் பொத்திக்கொண்டு வலைப்பக்கம் ஓடினாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. காளிராஜ் சிரிக்கவில்லை. ஏமாந்தவனுக்குச் சிரிப்பு வராது. "தூத்துக்குடில எறங்கிக்கோ" என்று மறுபடியும் சொன்னான். முன்னே சொன்னது கோபத்தில். இப்போது மெதுவாகச் சொன்னான்.

மிச்சம் இருந்தது குடிதண்ணீர்க் கேன் ஒன்றரை. முப்பது லிட்டர், மூன்று குடம்கூடத் தேறாது. இன்ஜினைப் போடுவோம், ஒரே நாளில் போய்விடலாம் என்றேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன் மாமா என்றாள். வழியில் கரைக்குப் போவோம் என்றேன். வழியில் இருக்கிற துறைமுகத்துக்கு அனுமதிச் சீட்டு இல்லை, போனால் இரண்டு நாள் ஆபீஸில் உட்கார வைப்பார்கள் என்றான் காளிராஜ். முன்பின் தெரியாத போன்காரர்களுக்காகத் தாகத்தில் கிடக்கத் தயாராக இருக்கிற ஜனங்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எறங்குறது எறங்குறேன் சார். அதுவரைக்கும் கேன என்கிட்ட விட்டுருங்க" என்றான் மாயகிருஷ்ணன்.

இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு போய் வெயில் படாத மூலையில் வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றி, வாயை வேறொரு ஆட்டுக்கார முடிச்சால் கட்டினான். அவனைத் தவிர வேறு யாரும் அவிழ்க்க முடியாது. காலையில் ஆளுக்கு இரண்டு கிளாஸ், மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஒன்று. சோற்றுக்கு ஒரு பங்கு கடல் தண்ணீர், இரண்டு பங்கு நல்ல தண்ணீர். உப்புப் போட வேண்டாம். பாத்திரம் கழுவக் கடல். பல் தேய்க்கக் கடல். சுதாராணி முகம் கழுவ அரைக் கிளாஸ் கேட்டாள். "குடிக்கீங்களா, கழுவுதீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றான். குடித்தாள். காளிராஜ் ஒரு தடவை தானே கேனை அவிழ்க்கப் போனான். முடிச்சோடு பத்து நிமிஷம் மல்லுக்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். எனக்கும் அதே அளவுதான். நான் அண்ணாச்சி ஆயிற்றே என்று ஒரு மடக்குக் கூடுதலாகக் கொடுப்பான் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை.

"ஏம்லே, எனக்குமா?"

"கழுவுனது நீங்கதான அண்ணாச்சி."

இதற்குமுன் என் முகத்துக்கு நேரே அப்படிப் பேசியவன் யாரும் கிடையாது. பேசிவிட்டுக் கேனுக்குச் சாக்கை நனைக்கப் போய்விட்டான்.

எட்டாம் நாள் காலையில் தூத்துக்குடி தெரிந்தது. கேனில் மூன்று லிட்டர் மிச்சம். அதை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. படகைக் கட்டி, கரையில் கால் வைத்த பிறகுதான் அவிழ்த்தான்.

காளிராஜ் அந்தமானுக்கு எழுத வேண்டிய காகிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆள் பெயர் எழுதுகிற இடம். மாயகிருஷ்ணன் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்றான். போகச் சொன்னவன் வாயிலிருந்து இன்னொரு தடவை வந்தால் போகலாம் என்று நின்றான்போல.

"என்னலே எழுதப் போற?" என்று கேட்டேன்.

என் மகன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். "மாயகிருஷ்ணன் வாரான். போட்ல நீந்தத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன் இருக்கேன். தண்ணிய வச்சிருக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்" என்றான். பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்க இங்கன எறங்கிக்கோங்கப்பா. அந்தமானுக்கு பன்னண்டு நாள் ஆகும். உங்களுக்குத் தோதுப்படாது" என்றான்.

தோதுப்படாதாம். நானும் வருகிறேன் என்று யார் அழுதது? பன்னிரண்டு நாள் ஓட்ஸ் தின்றுகொண்டு, கைப்பம்பு அடித்துக்கொண்டு, மரமும் இல்லாத மட்டையும் இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடக்க எனக்கு என்ன தலையெழுத்து? அவர்களே போகட்டும்.

மாயகிருஷ்ணன்தான் என் பெட்டியைத் துறைமுக வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தான். "முத்துசெல்விகிட்டச் சொல்லிருங்க அண்ணாச்சி. வேலிக்காவலுக்கு வரலைன்னு சொல்லுங்க" என்றான். ஏழு மாசத்தில் நீச்சல் கற்றுக்கொள்வாயா என்று கேட்டேன். காளிராஜ் சொல்லித் தருவான், பதிலுக்கு இவன் முடிச்சுச் சொல்லித் தருவான் என்று பேசியிருக்கிறார்களாம்.

வாசலில் காவல்காரன் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பி வைத்தான். எந்தப் படகு, என்னவாக வந்தீர்கள் என்று கேட்டான். மாயகிருஷ்ணன் "க்ரூ" என்றான், கூசாமல். என்னைப் பார்த்த காவல்காரன், நான் வாயைத் திறப்பதற்குள் "விசிட்டர்" என்று அவனாகவே எழுதிக்கொண்டான். கடைசியில் வெளியே போகும் நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. படகுக்குத் திரும்பப் போகிற மாயகிருஷ்ணனுக்கு அதில் ஒரு கோடு போட்டான். எனக்குப் பதினொன்றே கால் என்று எழுதினான்.